பேரேடு முதல் உலாவி வரை: ஜார்ஜ் டவுனில் அட்டவணையும் படிவமும்

இணையப் பக்கத்தில் தலைப்பைத் தொட்டதும் வரிசை மாறும் அட்டவணையும், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டு நிற்கும் படிவமும் செய்கிற வேலை கணினிக்கு வெகுகாலம் முந்தியது. பலரிடமிருந்து வரும் தகவலை ஒரே அளவுக் கட்டங்களில் வாங்கி வைப்பது படிவம். வாங்கியதைக் கோடு போட்டு அடுக்கி, கேட்ட நேரத்தில் கேட்டதை எடுக்கும்படி வைப்பது அட்டவணை. துறைமுகப் பட்டினம் எதுவும் இவை இரண்டும் இல்லாமல் நடந்ததில்லை. பினாங்குத் தீவில் 1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் கொடியேற்றினார். அந்நாள் தொட்டு வந்த கப்பல், இறங்கிய சரக்கு, ஒதுக்கிய நிலம் எல்லாமே ஏதோ ஒரு பதிவேட்டின் வரியாகத்தான் ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்தன. கம்பெனி வாளால் ஆண்டதைவிடப் பேனாவால் ஆண்டதே அதிகம்.

அந்தப் பதிவேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஊரில் தமிழும் அப்போதே இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்களும் மற்ற முஸ்லிம் வணிகர்களும் சூலியர் என்ற பெயரில் கம்பெனிக் கடிதங்களில் இடம்பெற்றார்கள். சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரைத் தாங்கியது. 1801ல் காதிர் முகைதீன் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. குயின் ஸ்திரீட்டின் மகாமாரியம்மன் கோயில் 1833ஐச் சேர்ந்தது. ஆனால் தமிழில் கணக்கு எழுதும் கலையை ஒரு தொழிலாகவே பினாங்கில் நிலைநாட்டியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். தண்ணீர்மலையில் அவர்கள் கட்டிய முருகன் கோயில் 1857க்குரியது. தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து அங்கே புறப்படுகிறது.

அதே பினாங்கு ஸ்திரீட்டில்தான் கிட்டங்கிகளும் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒரே கூரையின்கீழ் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் உரியது சில அடித் தரைதான்: ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, அருகில் கணக்குப் புத்தகங்கள். பெட்டிக்கு அருகே உட்காரும் இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். தொழில் கற்க வரும் சிறுவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், எல்லாருக்கும் மேலே மூன்றாண்டுக் கணக்குக்கு ஊரிலிருந்து அனுப்பப்பட்ட ஏஜெண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்து பணம் போட்டவருக்குத் தன் தொழில் எப்படி நடக்கிறது என்று காட்டியது காகிதம்தான். ஆகவே அந்தக் காகிதத்தில் அடித்தலோ மங்கலோ இருக்கக்கூடாது.

அன்றாட வரவு செலவு நடந்த வரிசையிலேயே குறிப்பேட்டில் ஏறும். பிறகு அதே தொகை, சம்பந்தப்பட்ட ஆளின் பெயர் உள்ள பக்கத்துக்குப் பேரேட்டில் மாற்றி எழுதப்படும். வரவு ஒரு புறம், பற்று மறுபுறம். வட்டியை வட்டிச் சிட்டையில் தனியே கணக்கிடுவார்கள். அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று 320ல் ஒரு பங்கு வரை இறங்கும் பின்ன வாய்பாடு பெட்டியடிப் பையனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் சுருக்கி ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்புவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குறிப்பேட்டில் இருப்பது கால வரிசை. பேரேட்டில் இருப்பது ஆள் வரிசை. ஐந்தொகையில் இருப்பது இனவாரியான கூட்டுத்தொகை. தகவல் ஒன்றுதான், பார்வை மூன்று. இன்றைய இணைய அட்டவணையில் ‘தேதி’ என்ற தலைப்பைத் தொட்டால் ஒரு வரிசையும் ‘பெயர்’ என்பதைத் தொட்டால் இன்னொரு வரிசையும் கண்ணிமைப்பதற்குள் வருகின்றன. கிட்டங்கியில் அந்த மாற்றத்தை ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதினார். வரிசை மாற்றுவதன் விலை ஒரு மனிதனின் மாலைப்பொழுதாக இருந்தது. எனவே எந்தப் பார்வை உண்மையில் தேவை என்பதை அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள். எல்லாத் தலைப்பின் மீதும் அம்புக்குறியைப் போட்டுவிடும் இன்றைய பழக்கத்தில் அந்த யோசனையைக் காண முடிவதில்லை.

கடையின் பெயருக்கு விலாசம் என்பார்கள். தாத்தா, தகப்பனார், தான் என்று தலைமுறைகளின் பெயர்களிலிருந்து எடுத்த முதலெழுத்துகளின் கோவை அது. அந்தச் சில எழுத்துகளைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தக் குடும்பம், எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்தவருக்குத் தெரிந்துவிடும். தமிழ்ப் பெயரின் அமைப்பும் இதுவே. தகப்பன் பெயர் முன்னால், சுருங்கிய எழுத்தாக; சொந்தப் பெயர் பின்னால், முழுதாக. குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று கிடையாது. பேரேட்டில் இதற்கு இடம் இருந்தது, ஏனென்றால் பேரேட்டை வடிவமைத்தவர்களும் அதே பெயர் முறையில் வாழ்ந்தவர்கள்.

செட்டியார் கணக்கு மெல்ல வங்கிக் கணக்காகவும் மாறியது. மு.சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய இடங்களில் ஒரே நாளில் திறந்தது. அடுத்து விரைவிலேயே பினாங்குக்கு வந்தது. 1969ல் இந்தியா வங்கிகளை நாட்டுடைமையாக்கியபின், அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகளை மலேசியச் சட்டம் ஏற்காததால், அந்த வங்கியின் மலேசியக் கிளைகள் மற்ற இந்திய வங்கிகளின் கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் ஏஷியன் வங்கியாயின. பெட்டியடியின் பாய் போய், அச்சடித்த பத்திகள் கொண்ட தடித்த பதிவேடும் முகப்பில் நிரப்பித் தரும் சீட்டும் வந்தன.

அச்சடித்த படிவத்தை ஊர் முழுவதற்கும் பழக்கியது அரசாங்கம். பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867ல் பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்கு மாறின. 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுப்பு என்பது படிவம் அட்டவணையாக மாறும் வேலை. அட்டவணைக்கு எத்தனை பத்தி என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். 1891ல் ‘தமிழரும் இந்தியாவின் ஏனைய சுதேசிகளும்’ என்றொரு தலைப்பு போட்டார்கள். அடுத்து வந்த நூற்றாண்டில் தலைப்பு ‘இந்தியர்’ என்றாகி, தமிழர் அதன் உட்பிரிவானார்கள். தாய்வழியில் மலாயும் தந்தைவழியில் தமிழுமாக வளர்ந்த ஜாவிப் பெரானாக்கன் குடும்பம் ஒன்று எந்தக் கட்டத்தில் குறி போடுவது? 1931 கணக்கெடுப்பை நடத்திய வ்லீலண்ட், இனம் என்ற சொல் கணக்கெடுப்பில் எந்தப் பொருளில் வருகிறது என்பதை வரையறுக்கவே இயலாது என்று தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் அட்டவணை அச்சாயிற்று.

1948ல் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்து அடையாள அட்டை வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பெயரும் ரோமன் எழுத்தில், ஒரே கட்டத்துக்குள், ஒரே மாதிரி அடங்க வேண்டும். தகப்பன் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் தமிழ் வழக்கம் அங்கே செல்லவில்லை. சொந்தப் பெயர் முதலில், பிறகு இன்னாரின் மகன் அல்லது மகள், பிறகு தகப்பன் பெயர் என்று ஆங்கிலச் சுருக்கத்தோடு எழுதினார்கள். மலாய் மொழி ஆட்சிமொழியான பிறகு அந்தச் சுருக்கம் ‘அனாக் லெலாக்கி’ என்பதன் ஏ/எல் ஆகவும், ‘அனாக் பெரம்புவான்’ என்பதன் ஏ/பி ஆகவும் ஆனது. தமிழ் முஸ்லிம் பெயர்களில் பின், பிந்தி என்பவை அந்த இடத்தைப் பிடித்தன. ஏ/எல் என்பதில் நடுவே நிற்கும் சாய்கோடு அன்று யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தட்டச்சுப் பொறியில் அதற்கு விசை இருந்தது. அவ்வளவே.

1990ல் அடையாள எண் இன்றைய 12 இலக்க வடிவத்துக்கு வந்தது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம், பினாங்குக்கு 07. கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 2001ல் சில்லு பொருத்திய மைகாட் வந்தபோதும் எண் மாறவில்லை. ஒரே கட்டத்தில் மூன்று நான்கு தகவல்களை அடைத்த இந்த எண், பின்னாளில் இணையப் படிவம் எழுதியவர்களுக்கு வரமாகவும் வம்பாகவும் அமைந்தது.

படிவமும் அட்டவணையும் இயந்திரத்துக்குள் போன கதை இதற்கு இணையாக வேறோர் இடத்தில் நடந்தது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளை எண்ணும் பொறியைச் செய்தார். 1971ல் ஐபிஎம் நிறுவனத்தின் 3270 முனையம் வந்தது. திரையில் சில இடங்கள் பூட்டியிருக்கும், சில இடங்களில் மட்டும் எழுதலாம். நிரப்பி முடித்து ஒரு விசையை அழுத்தினால் மொத்தமும் மையக் கணினிக்குப் போகும். இணையப் படிவத்தின் நேரடி மூதாதை இதுதான். 1979ல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்ற கட்டங்கள் தாமாகவே திருத்திக்கொள்ளும் அட்டவணையைத் தந்தது.

இந்தக் கதையில் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு. சுங்க வரியில்லாத் துறைமுகம் என்ற நிலை 1969ல் பறிபோய் ஊர் வேலையின்றித் தவித்தது. அப்போது முதலமைச்சரான லிம் சோங் யூ பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தடையிலா வணிக வட்டாரம் அமைத்தார். 1972ல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கே தொடங்கியது. ஹியூலெட் பேக்கார்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ் என்று பிற நிறுவனங்களும் வந்தன. திரையில் கட்டங்களை வரைந்த சில்லுகள் பலவற்றைப் பினாங்குக் கைகள் கோத்துச் சோதித்து அனுப்பின. திரைக்குள் என்ன வரையப்பட வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் மட்டும் வேறு இடத்தில் இருந்தார்கள்.

மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங்கை மைமோஸ் ஆய்வுக் கழகம் 1992ல் நடத்தத் தொடங்கியது. அந்த நாளைய வலைப்பக்கத்தில் படிவம் கிடையாது; தேடுசொல் இடும் ஒற்றைப் பெட்டி மட்டும் உண்டு. 1993 இறுதியில் மொசைக் உலாவியின் இரண்டாம் பதிப்பு படிவத்தைக் கொண்டுவந்தது. எழுதும் பெட்டி, தேர்வுப் பெட்டி, கீழ்விரி பட்டியல், அனுப்பும் பொத்தான் எல்லாம் அப்போது வந்தவை. 1995 நவம்பரில் வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் 2.0 பதிப்பு அவற்றை நெறிப்படுத்தியது. அட்டவணையை நெட்ஸ்கேப் 1995ல் பரப்பியது; 1997 ஜனவரியின் எச்டிஎம்எல் 3.2 அதை முறைப்படி ஏற்றது. ஏற்ற கையோடு வலை வடிவமைப்பாளர்கள் அட்டவணையைக் கணக்குக்குப் பயன்படுத்தாமல் பக்கத்தை அடுக்கவே பயன்படுத்தினார்கள். படமும் பத்தியும் கோணாமல் நிற்க வேறு வழி அப்போது இல்லை. பேரேட்டின் கோட்டை எடுத்துச் சுவருக்கு மூங்கில் கட்டிய மாதிரி அது. 1996 டிசம்பரில் வந்த, பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சிஎஸ்எஸ் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு உலாவிகள் தேறப் பல ஆண்டுகள் ஆயின.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் பெட்டிக்கும் பொத்தானுக்கும் அலங்காரம் செய்வது அழகுக்காக. தமிழ்ப் பக்கத்தில் அது படிப்பதற்கே தேவைப்பட்டது.

காரணம் எழுத்துரு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை 1995ல் வலையேற்றியபோதும், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைப் பரப்பியபோதும், கணினிக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பது தெரியாது. ரோமன் எழுத்துக்கும் குறிகளுக்கும் ஒதுக்கிய எண்களின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவதுதான் உபாயம். ஒவ்வொரு மென்பொருளும் வெவ்வேறு விதமாகப் போர்த்தியதால், பொதுவாக டிஸ்கி என்ற ஏற்பாடு உருவாயிற்று. பக்கத்தின் உடலுக்குத் தமிழ் எழுத்துருவைக் கட்டினால் கட்டுரை தமிழில் தெரியும். ஆனால் எழுதும் பெட்டி, பொத்தான், கீழ்விரி பட்டியல் ஆகியவை பக்கத்துக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றை இயங்குதளமே தன் எழுத்துருவில் வரைந்து கொடுத்தது. படிவத்தில் ‘முருகன்’ என்று தட்டினால் பெட்டிக்குள் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளும் நாணயக் குறிகளும் வரிசை கட்டும். அனுப்பிய பிறகு, அடுத்த பக்கத்தில் அது முருகனாகத் திரும்பும். எழுதும்போது படிக்க முடியாது. எழுதி முடித்த பிறகே பிழை தெரியும்.

பெட்டிக்கென்று தனியாக எழுத்துருவைச் சொல்லும் சிஎஸ்எஸ் வரி ஒன்று இதைத் தீர்த்தது, உலாவி அதை மதித்தால். உலாவியின் தலைப்புப் பட்டையும் எச்சரிக்கைச் சாளரமும் கடைசி வரை வசப்படவில்லை. ஒரு பழைய வழக்கம் இன்னும் தொடர்கிறது: படிவ உறுப்புகள் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக ஏற்பதில்லை. ஏற்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அதை மறந்தவர்களின் பக்கங்களில் கட்டுரை ஒரு தமிழிலும் பெட்டி வேறொரு தமிழிலும் நிற்பதைக் காணலாம்.

யூனிகோடு இந்தப் போர்வையை நீக்கியது. 1991லேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகு அது நடைமுறைக்கு இறங்கியது. தமிழ் இணைய மாநாடு 2001ல் கோலாலம்பூரில் கூடியபோது, எந்தக் குறியேற்றத்தை ஏற்பது என்ற வாதம் சூடாகவே இருந்தது. வாதத்துக்கு நியாயம் உண்டு. யூனிகோடு தமிழ் எழுத்துகளுக்குத் தந்த வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. இந்திய மொழிகள் பலவற்றை ஒரே சட்டத்தில் வைத்த இஸ்கி என்ற இந்தியத் தர முறையை ஒட்டி அது அமைந்தது. தேவநாகரிக்கு வசதியான அந்தச் சட்டத்தில் ன-வுக்கு ந-வின் பக்கத்திலும், ற-வுக்கு ர-வின் பக்கத்திலும், ழ-வுக்கு ள-வை அடுத்தும் இடம் கொடுத்தார்கள். ச-வை அடுத்து ஜ வந்தது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் தள்ளப்பட்டது.

பக்கம் வெறுமனே படிப்பதற்கு இருந்த வரை இதனால் தொல்லை இல்லை. அட்டவணை உயிர் பெற்றபோதுதான் தொல்லை தொடங்கியது. 1995ல் பிரெண்டன் ஐக் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தை மீண்டும் தருவிக்காமலே அதன் உள்ளடக்கத்தை மாற்ற வழி செய்தது. 2005ல் ஏஜாக்ஸ் என்று பெயர் பெற்ற முறை, பின்னணியில் தகவலை வாங்கி வந்தது. 2006ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி, உலாவிக்கு உலாவி மாறும் தொல்லைகளை மறைத்தது. அதன்மேல் எழுந்த டேட்டாடேபிள்ஸ் போன்ற நூலகங்கள் சாதாரண அட்டவணைக்கு வரிசை மாற்றல், தேடல், பக்கம் பிரித்தல் ஆகியவற்றைச் சில வரிகளில் கொடுத்தன. குறிப்பேட்டைப் பேரேடாக்கும் வேலை ஒரு சொடுக்குக்கு வந்து சேர்ந்தது.

ஒரு கோயில் நன்கொடையாளர் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். கபிலன், கமலா, கனகா என்ற மூன்று பெயர்கள். தமிழ் அகரவரிசைப்படி இதுவே சரியான வரிசை. ன எல்லாவற்றுக்கும் கடைசி எழுத்து. எண் மதிப்பை மட்டும் பார்க்கும் நிரல் கனகாவை முதலில் நிறுத்தும், ஏனென்றால் அங்கே ன என்பது ப-வுக்கு முந்தியது. கண்ணன், கணேசன் என்ற இருவரில் மெய்யெழுத்து முந்தும் என்பதால் கண்ணனுக்கே முதலிடம். நிரலோ கணேசனை முன்னே அனுப்பும், அதன் கணக்கில் புள்ளி கடைசிக் குறி. கடைசியில் வர வேண்டிய ஜானகி, தேவிக்கும் மணிக்கும் முன்னால் போய் உட்காருவாள். பத்துப் பெயரில் இது கண்ணில் படாது. ஆயிரம் பெயருள்ள பட்டியலில் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று ஒருவர் திரும்பிப் போய்விடுவார். தொகைப் பத்தியில் இன்னும் மோசம்: எண்ணை எழுத்தாகப் படித்தால் 100 வெள்ளி 20 வெள்ளிக்கு முன்னால் வரும். பெட்டியடிப் பையன் அப்படி எழுதியிருந்தால் அன்றே கப்பலேறியிருப்பான்.

தீர்வு கைவசம் உண்டு. யூனிகோடின் வரிசைப்படுத்தும் நெறி தமிழ் நெடுங்கணக்கை ஒட்டியே அமைந்தது. மெய் முந்தும் வழக்கத்தையும் தமிழுக்கான வட்டார விதிகள் சேர்த்துக்கொண்டன. 2012 டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த பன்மொழி நீட்சி, இந்த விதிகளை உலாவிக்குள் கொண்டுவந்தது. ஒப்பிடும்போது மொழி தமிழ் என்று ஒரு குறிப்பு கொடுத்தால் கபிலன், கமலா, கனகா தத்தம் இடத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தக் குறிப்பைக் கொடுக்காத பக்கங்கள் ஏராளம். அது தொழில்நுட்பக் குறை இல்லை, அசட்டை.

படிவப் பெட்டியின் நீளமும் இதே வகை. பெட்டியில் எத்தனை எழுத்து ஏற்கலாம் என்று வரம்பு போட்டால், உலாவி எண்ணுவது எழுத்தை அன்று, குறியீட்டு அலகை. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் எட்டு. கி-க்கு இரண்டு, ரு-வுக்கு இரண்டு, புள்ளி வைத்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று கணினியின் கணக்கு 15க்குப் போகிறது. பத்து என்று வரம்பு வைத்த பெட்டியில் அவர் ‘கிருஷ்ணமூர’ என்பதோடு நின்றுவிடுவார். ரோமன் எழுத்தில் பெயர் வைத்திருக்கும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டு வரம்பு வைத்தவருக்கு இது தோன்றியிருக்காது.

பினாங்கில் அன்றாடம் முட்டும் சிக்கல் வேறு. பெயர்ப் பெட்டியில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே செல்லும் என்று சரிபார்ப்பு விதி எழுதினால் ஏ/எல் என்பதன் சாய்கோடு பிழையாகிவிடும். அயல்நாட்டில் எழுதிய படிவமானால் இன்னொரு தடை: முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள், இரண்டும் கட்டாயம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினால் கடிதம் தகப்பன் பெயருக்கு வருகிறது. விமான முன்பதிவில் கதை முற்றுகிறது. அந்த அமைப்புகளில் சாய்கோடு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பது அதுவே. ஆகவே ஏ/எல் ஒட்டிக்கொண்டு ஏஎல் ஆகிவிடுகிறது. அடையாள அட்டைக்கு ஒரு பெயர், பயணச்சீட்டுக்கு ஒரு பெயர். 1948ன் படிவம் தமிழ்ப் பெயரைத் தனக்கேற்ப வளைத்தது. அந்த வளைவை வலையின் படிவம் பிழை என்கிறது.

அடையாள எண் பெட்டி நல்லவிதமாகப் பயன்பட்ட இடம். எண்ணைத் தட்டியதும் பிறந்த தேதியையும் மாநிலத்தையும் பாலினத்தையும் நிரலே எடுத்து அடுத்த பெட்டிகளில் நிரப்பிவிடலாம். கவனம் தேவைப்படும் இடம் நூற்றாண்டு. ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் என்பதால் 25 என்பது 1925ல் பிறந்த பாட்டியா, 2025ல் பிறந்த பேத்தியா என்பதை எண்ணின் முதல் ஆறு இலக்கம் சொல்லாது. நிரப்பிய தேதியைத் திருத்த முடியாதபடி பூட்டிவிடும் படிவங்கள் இருக்கின்றன. பாட்டிக்குக் குழந்தைத் தடுப்பூசி அழைப்பு வரும் வகை அது.

கீழ்விரி பட்டியல் நெடுங்காலம் அலங்காரத்துக்கு அடங்காமல் இருந்தது. மூடிய பெட்டியின் நிறத்தை மாற்றலாம், விரியும் பட்டியல் இயங்குதளத்தின் வசமே. பொறுமையிழந்தவர்கள் அசல் பட்டியலை மறைத்து, வெற்றுப் பெட்டிகளைக் கொண்டு போலிப் பட்டியல் ஒன்றைக் கட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் விசைப்பலகையின் அம்பு விசைக்கு அசையாது, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்குப் புலப்படாது. 2014ல் வலைக் கூட்டமைப்பு முறைப்படுத்திய, திரை வாசிப்பானுக்கு உறுப்பின் வகையைச் சொல்லும் ஏரியா குறிப்புகள் அந்தப் போலிகளுக்கு ஓரளவு பேச்சுக் கொடுத்தன. தேர்வுப் பெட்டிக்கு நிறம் தரும் எளிய சிஎஸ்எஸ் பண்பு 2021ல் வந்தது. விரியும் பட்டியலையும் சேர்த்து ஒப்பனை செய்ய இடங்கொடுக்கும் அசல் உறுப்பு 2025 ஏப்ரலில் குரோம் 135ல் வெளியானது. மற்ற உலாவிகளில் அது பரவும் வரை பழைய தோற்றமே அங்கே தெரியும். அதனால் குடி முழுகிவிடாது.

இன்று பினாங்கில் ஒரு கோயிலுக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ இணையப் படிவம் எழுதுபவர் கையில், கிட்டங்கிக்காரர்களுக்கும் கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கும் கிடைக்காத வசதி இருக்கிறது. கட்டம் பொருந்தாவிட்டால் கட்டத்தையே மாற்றலாம். வெளியிடும் முன்னால் பெயர்ப் பெட்டியில் ஏ/எல் போட்ட பெயர் ஒன்றையும், தமிழில் கிருஷ்ணமூர்த்தியையும் தட்டிப் பாருங்கள். அட்டவணையில் கண்ணனையும் கணேசனையும் இட்டு வரிசை மாற்றிப் பாருங்கள். கணேசன் முந்தினால் திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி.